செவியின் அளவும் கேள்வியின் அளவும்

சிவாவா என்னும் நாயினம் இரு கைகளுக்குள் அடங்கிவிடும். செயின்ட் பெர்னார்டு இன நாயோ வளர்ந்த மனிதர் ஒருவரின் எடைக்கு நிகராக நிற்கும். முன்னதன் செவிமடல் நிமிர்ந்து விரிந்தது. பின்னதன் மடல் தடித்துத் தொங்குவது. செவிப்பறையின் பரப்பிலும் இரண்டும் பெரிதும் வேறுபடும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஹெஃப்னர் இவ்விரு இனங்களையும் இடைப்பட்ட உருவமுள்ள நாய்களையும் பழக்கி, எவ்வளவு மெல்லிய ஒலியை, எந்த அதிர்வெண் வரை அவை கேட்கின்றன என்று அளந்தார். பெரிய பறை மெல்லொலியை எளிதில் வாங்கும், சிறிய செவி கீச்சொலியை நன்கு பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொய்த்தது. எல்லா நாய்களும் ஏறத்தாழ ஒரே எல்லைக்குள் கேட்டன. நொடிக்கு 45,000 அதிர்வுகளை ஒட்டி எல்லாவற்றின் கேள்வியும் முடிந்தது.

பெரிய காது நன்றாகக் கேட்கும் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியது. அதை முற்றிலும் பொய்யென்று தள்ளவும் இயலாது. சரியாகக் கேளாதபோது கையைக் குவித்துக் காதின் பின்னே வைக்கும் முதியவர், மடலைப் பெரிதாக்கி உண்மையாகவே சிறிது கூடுதல் ஒலியைப் பெறுகிறார். ஆயினும் செவிமடலை ஒலி திரட்டும் கருவியாக மட்டும் பார்ப்பவர் அதன் பாதிப் பணியைக்கூடக் காணவில்லை என்பதே என் துணிபு. ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதே அதன் தலையாய பணி. அந்தப் பணிக்கு அளவைவிட வடிவம் வேண்டும். வடிவத்தைவிட, அவ்வடிவத்தைக் கற்றுத் தேர்ந்த மூளை வேண்டும்.

யானையிலிருந்து தொடங்குவோம். முறம்போன்ற அதன் செவியைவிடப் பெரிய செவி தரைவாழ் உயிர்களில் வேறெதற்கும் இல்லை. ஹென்றி ஹெஃப்னரும் ரிக்கி ஹெஃப்னரும் 1980ஆம் ஆண்டில் ஓர் இளம் ஆசிய யானையின் கேள்வியை அளந்து வெளியிட்டனர். நொடிக்கு 17 அதிர்வு என்னும் ஆழ்ந்த ஒலியை அது உணர்ந்தது. மேல்நோக்கிப் போகையில் 10,500 அதிர்வளவிலேயே நின்றுவிட்டது. மனிதச் செவி 20 முதல் 20,000 வரை கேட்கும் என்பதை இதனோடு ஒப்பிடுக. நான்கு ஆண்டுகள் கழித்து, போர்ட்லாந்து நகர விலங்குக் காட்சிசாலையில் யானைக் கொட்டிலின் அருகே நின்ற கேட்டி பெய்ன், காற்றில் ஒருவகைத் துடிப்பை உடலால் உணர்ந்தார். தேவாலயத்துப் பெருங்குழலிசைக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரங்கள் நெஞ்சில் அதிர்வதைச் சிறுவயதில் அறிந்தவர் அவர். பதிவு செய்து ஆராய்ந்தபோது, நம் காதுக்கு எட்டாத தாழொலியில் யானைகள் பேசிக்கொள்வது வெளிப்பட்டது. அவ்வொலி கிலோமீட்டர் கணக்கில் செல்லும்.

அப்படியானால் அந்தப் பெருஞ்செவி தாழொலிக்காக அமைந்ததா? கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. காற்றில் ஒலியின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். நொடிக்கு 17 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 20 மீட்டர். ஓர் அலையைத் தடுத்துத் திருப்ப வேண்டுமானால், தடுக்கும் பொருள் அவ்வலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். கடல் அலை கரையிலுள்ள மூங்கில் கழியைச் சுற்றிக்கொண்டு போவது போல, 20 மீட்டர் அலை யானைச் செவியைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், டெஞ்ச் என்னுமிடத்தில், முதல் உலகப் போருக்குப் பின் எழுப்பப்பட்ட கற்காரைச் செவிகள் இதற்குச் சான்று. வானூர்தியின் உறுமலைத் தொலைவிலேயே அறிவதற்காக எழுந்த அந்த ஒலியாடிகளுள் ஒன்று 200 அடி நீளமுள்ள வளைந்த சுவர். இயந்திரத்தின் தாழ்ந்த ஒலியைத் திரட்ட அவ்வளவு பெரிய மடல் தேவைப்பட்டது. ரேடார் வந்ததும் அவை கைவிடப்பட்டன. இன்றும் அங்கே நிற்கின்றன.

யானையின் மடல் பெருத்ததற்கு முதன்மையான காரணம் வெப்பம். பருத்த உடலுக்குள் பிறக்கும் சூட்டை வெளியேற்றப் போதிய தோற்பரப்பு யானைக்கு இல்லை. மடலின் பின்புறம் மெல்லிய தோலுக்கடியில் குருதிக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. செவியை வீசும்போது அங்கே ஓடும் குருதி குளிர்ந்து உடலுக்குள் திரும்புகிறது. திறந்த வெளியில் வெயிலேற்கும் ஆப்பிரிக்க யானைக்கு மடல் மிகப் பெரிது. காட்டு நிழலில் வாழும் ஆசிய யானைக்குச் சிறிது. வெப்ப நாட்டு விலங்குகளின் உறுப்புகள் நீண்டும் குளிர்நாட்டு விலங்குகளின் உறுப்புகள் குறுகியும் இருக்கும் என்று ஜோயல் ஆலன் 1877இல் சொன்ன விதி செவிமடலில் கண்கூடாகத் தெரியும். சகாரா பாலைவனத்து ஃபென்னெக் நரியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. அதன் செவியோ 15 சென்டிமீட்டர் வரை நீளும். பனி நிலத்து வடமுனை நரியின் செவி குட்டையாய் உருண்டு மயிரால் மூடிக் கிடக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஃபென்னெக் நரி அந்தச் செவியால் மணலுக்கடியில் ஊரும் இரையின் சலசலப்பையும் கேட்கிறது. பூச்சியின் அசைவொலி உயர்ந்த அதிர்வெண் உடையது. அதன் அலைநீளம் சில சென்டிமீட்டரே. அதைத் திரட்ட 15 சென்டிமீட்டர் மடல் தாராளமாகப் போதும். யானைக்குக் குளிரூட்டியாக அமைந்த உறுப்பு இங்கே குளிரூட்டியும் வேட்டைக்கருவியும் ஆயிற்று.

யானை தாழ்ந்த ஒலியைக் கேட்பதற்கும் அது உயர்ந்த ஒலியை இழந்ததற்கும் உரிய விளக்கம் மடலில் இல்லை; இரு செவிகளுக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது. ஹெஃப்னர் இருவரும் பல பத்து விலங்குகளை அளந்து நிறுவியது இது: ஓர் உயிரினத்தை மற்றோர் உயிரினத்தோடு ஒப்பிட்டால், தலை எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயர்ந்த ஒலியை அவ்விலங்கு கேட்கும். வலப்புறம் எழும் ஒலி வலச்செவியை முதலில் எட்டுகிறது. இடச்செவியைச் சற்றுப் பிந்தி எட்டுகிறது. மனிதத் தலையில் இந்தப் பிந்தல் உச்ச அளவில் நொடியின் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. மேலும், தலை குறுக்கே நின்று மறைப்பதால் இடச்செவிக்கு எட்டும் ஒலி மெலிந்திருக்கும். காலவேறுபாடு தாழ்ந்த ஒலிக்கும் வலிவேறுபாடு உயர்ந்த ஒலிக்கும் உதவும் என்று ராலே பெருமகனார் 1907இல் விளக்கினார். சுண்டெலியின் தலையோ மிகச் சிறிது. அத்தலை ஒலிநிழல் வீழ்த்த வேண்டுமானால் அலைநீளம் சில மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஆகவே அது நொடிக்கு 80,000 அதிர்வுக்கும் மேலே கேட்கிறது. யானைக்கு அந்தத் தேவை எழவே இல்லை.

இவ்விதிக்கு விலக்காக நிற்கும் உயிர்கள் விதியை இன்னும் உறுதியாக்குகின்றன. மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழிக்கும் மயிரற்ற துன்னெலி, தலை சிறுத்திருந்தும் உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில்லை. சுரங்கத்துக்குள் ஒலி முன்னிருந்தோ பின்னிருந்தோ மட்டுமே வரும்; இடவலம் தேடும் வேலை அங்கே இல்லை. தேவை நீங்கியதும் திறனும் நீங்கிற்று. அதன் மடலும் வெறும் விளிம்பாய்த் தேய்ந்துவிட்டது.

திசையறியும் கூர்மை எல்லா விலங்குக்கும் ஒன்றன்று. யானையும் மனிதனும் தமக்கு முன்னே ஒரு பாகை அளவு விலகிய இரண்டு ஒலிகளைப் பிரித்தறிவர். அகன்ற தலையும் நினைத்த பக்கம் சுழலும் நீள்செவியும் கொண்ட குதிரைக்கோ 25 பாகை வேறுபாடு வேண்டும். மாட்டுக்கு 30 பாகை. இதற்கு ஹெஃப்னர் கண்ட காரணம் எனக்கு இத்துறையிலேயே மிக அழகியதாகப் படுகிறது. செவி கண்ணுக்கு வழிகாட்டுவது. மனிதன் கூர்ந்து பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது; அந்தக் குறுகிய பார்வையை ஒலியெழும் இடத்தில் சரியாக நிறுத்த நுண்ணிய திசையறிவு வேண்டும். குதிரையும் மாடும் அடிவானம் நெடுகப் பரந்த பட்டையை ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பவை. ஒலி வந்த பக்கத்தைத் தோராயமாக அறிந்தாலே கண் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். செவியின் நுட்பத்தைச் செவியை மட்டும் பார்த்து அறிய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்றில்லை.

இரவில் வேட்டையாடும் உயிர்களுக்குக் கண்ணின் துணையும் குறைவு. வௌவால்களின் வழியறிதலில் செவிக்குப் பெரும்பங்கு உண்டென்பதை 1790களிலேயே இத்தாலியின் ஸ்பல்லன்சானியும் ஜெனீவாவின் லூயி ஷுரீனும் கண்டனர். காதை அடைத்த வௌவால் தடைகளில் மோதி விழுந்தது. கண்ணை மறைத்த வௌவால் தடையின்றிப் பறந்தது. மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டு அவை வழியறிகின்றன என்பதை டொனால்டு கிரிஃபின் காட்டுவதற்கு 1938ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஆனால் எல்லா வௌவாலுக்கும் எதிரொலி மட்டுமே துணை என்று கொள்வது தவறு. நம் நாட்டுப் பாழடைந்த கட்டடங்களிலும் குகைகளிலும் தங்கும் மெகாடெர்மா லைரா என்னும் வௌவாலுக்கு நெற்றியின் மேலே ஒன்றோடொன்று இணைந்த மிகப் பெரிய செவிகள். தவளை, பல்லி, எலி, பெரும்பூச்சி ஆகியவை அதன் உணவு. ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ஹார்ட் நாய்வைலர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து தென்னிந்திய வௌவால்கள் பலவற்றின் கேள்வியை அளந்து 1984இல் வெளியிட்டார். அவற்றுள் இந்த இனம், நொடிக்கு 15,000 முதல் 20,000 அதிர்வு வரையிலான ஒலியை மனிதச் செவியின் அடியெல்லைக்கும் கீழான மென்மையில் கேட்டது. சருகில் எலி நடக்கும் ஒலி விழும் பகுதி அது. அங்கே மடலின் பருமை ஒலியைப் பெருக்கத்தான் உதவுகிறது. பெருஞ்செவி நன்கு கேட்கும் என்ற பழைய எண்ணம் இந்த உயிருக்கு முழுதும் பொருந்தும்.

கூகையோ மடலே இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது. பறவைகளுக்குச் செவிமடல் கிடையாது. கொம்பன் ஆந்தையின் தலையில் காதுபோல் நிற்பவை வெறும் இறகுக் கொத்துகள். கூகையின் இதயவடிவ முகமே அதன் மடல். அடர்ந்து விறைத்த இறகுகள் ஒலியை இருபுறத் துளைகளுக்கும் செலுத்துகின்றன. அத்துளைகளில் இடப்புறத்தது சற்று மேலே அமைந்து கீழ்நோக்கியும், வலப்புறத்தது சற்றுக் கீழே அமைந்து மேல்நோக்கியும் இருக்கின்றன. ஆகவே மேலிருந்து வரும் ஒலி வலச்செவியிலும் கீழிருந்து வருவது இடச்செவியிலும் ஓங்கிக் கேட்கும். இடவலத்தைக் காலவேறுபாடு சொல்ல, மேல்கீழை வலிவேறுபாடு சொல்கிறது. ரோஜர் பெய்ன் முழு இருட்டறையில் சருகுகளைப் பரப்பி, எலியளவான காகித உருண்டையை நூலால் இழுத்தபோது, கூகை அதன்மேல் பாய்ந்தது. மணமோ உடற்சூடோ அதற்கு வழிகாட்டவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் எரிக் நுட்சனும் மசகாசு கொனிஷியும் கூகையின் முகச்சுற்று இறகுகளை நீக்கிப் பார்த்தனர். இடவலம் தவறவில்லை; மேல்கீழ் குழம்பிற்று. இடச்செவியை அடைத்தால் கூகை இலக்குக்கு மேலேயும் சற்று வலப்புறமும் தலையைத் திருப்பியது.

மனிதருக்கு இரு செவியும் ஒரே மட்டத்தில் அமைந்தவை. நேர்முன்னே எழும் ஒலிக்கும் உச்சந்தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னோ எழும் ஒலிக்கும் இரு காதுகளிடையே காலவேறுபாடும் இல்லை, வலிவேறுபாடும் இல்லை. எனினும் தென்னைமரத்து உச்சியில் கத்தும் காக்கை மேலே இருப்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டே அறிகிறோம். இந்த அறிவைத் தருவன மடலின் மேடுகளும் பள்ளங்களும். ஒலியின் ஒரு பகுதி நேராகத் துளைக்குள் செல்ல, மறுபகுதி மடலின் மடிப்புகளில் பட்டு நூறாயிரத்தில் சில பங்கு நொடி பிந்திச் செல்கிறது. இரண்டும் கலக்கும்போது 6,000 முதல் 10,000 அதிர்வு வரையிலான பகுதியில் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிவு எந்த அதிர்வெண்ணில் நேர்கிறது என்பது ஒலி எந்த உயரத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். அந்தச் சிறு பள்ளத்தை மூளை படித்து உயரத்தை உணர்கிறது. மடலின் எதிரொலிகளே திசை காட்டுகின்றன என்று டுவைட் பாட்டோ 1967இல் எடுத்துரைக்கும் வரையில், இந்த மடிப்புகளைப் பயனற்ற மிச்சமென்று கருதியவர் பலர்.

மடலைத் தாண்டிய இரண்டரை சென்டிமீட்டர் செவிக்குழலும் சும்மா இருப்பதில்லை. ஒருபுறம் மூடிய அக்குழல் தன் நீளத்துக்கேற்ப 3,000 அதிர்வுகளை ஒட்டி ஒத்ததிர்ந்து, அப்பகுதி ஒலியின் அழுத்தத்தை ஏறத்தாழ மும்மடங்காக்குகிறது. பேச்சின் மெய்யொலிகள் பலவற்றின் அடையாளம் அங்கேதான் உள்ளது. அதற்கப்பால் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகள் வாங்கிய அழுத்தத்தை மேலும் இருபது மடங்கு உயர்த்தி உட்செவி நீர்மத்துக்குத் தருகின்றன.

மடல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமானது. அப்படியானால் ஒருவருடைய மூளை இன்னொருவருடைய மடலைப் படிக்குமா? நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் பால் ஹோஃப்மனும் ஜான் வான் ஓப்ஸ்டலும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. நால்வரின் செவிப்பள்ளங்களில் சிறு அச்சுகளைப் பொருத்தி மடலின் வடிவத்தை மாற்றினர். இடவலம் அறிவதில் பெருங்கேடு நேரவில்லை. மேல்கீழ் அறிவு உடனே குலைந்தது. அச்சுகளோடே அவர்கள் அன்றாட வாழ்வை நடத்தினர். சில வாரங்களில் இழந்த அறிவு படிப்படியாக மீண்டது. இதனினும் வியப்பானது பின்னர் நேர்ந்தது: அச்சுகளை எடுத்தபோது பழைய செவியைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவையே எழவில்லை. தாய்மொழியை மறவாமல் மற்றொரு மொழியைக் கற்றவர்போல் அவர்கள் இரு செவிகளையும் அறிந்திருந்தனர்.

மூளையின் இந்த நெகிழ்ச்சி இல்லையென்றால் நாம் வளர்ந்திருக்கவே முடியாது. குழந்தையின் மடல் ஆண்டுதோறும் பெரிதாகிறது, குழல் நீளுகிறது, தலை அகலுகிறது. வளர்ந்தபின்னும் மடல் நிற்பதில்லை. இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஹீத்கோட் 206 பேரின் காதுகளை அளந்து 1995இல் வெளியிட்ட சிறு ஆய்வின்படி, காது ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீளுகிறது. ஐம்பது ஆண்டில் ஒரு சென்டிமீட்டர். நம் தென்மாவட்டத்துப் பாட்டிமார் பாம்படம் அணிந்து தோளைத் தொடும் வரை வளர்த்த காது வேறு வகை. அங்கே நீண்டது குருத்தெலும்பில்லாத கீழ்ச்சோணை. அச்சோணைக்குக் கேள்வியில் பங்கில்லை என்பதால், எவ்வளவு எடை தொங்கினாலும் செவிப்பள்ளத்தின் மடிப்புகள் தம் பணியைத் தொடர்ந்தன.

மடல் நீளும் அதே ஆண்டுகளில் உட்செவியின் மயிரணுக்கள் அழிகின்றன. முதலில் அழிபவை உயர்ந்த ஒலிக்குரியவை. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. மேல்கீழ் காட்டும் குறிப்புகளும் உயர்ந்த ஒலிப்பகுதியில் இருப்பதால் முதியோர் இருவகையிலும் இழக்க வேண்டும். ஆனால் நெய்மேகன் குழுவினர் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு ஆறுதல் தருவது. மடல் பெரிதானால் அது பொறிக்கும் குறிப்புகள் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்கிவருகின்றன. உயர்ந்த ஒலியை இழந்த செவிக்கு அவை இன்னும் எட்டும். முதுமையில் நீண்ட காது, உள்ளே நேர்ந்த இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்கிறது. காதின் பருமை மனிதருக்குப் பயன்படும் இடம் எதுவென்று கேட்டால் நான் இதையே காட்டுவேன்.

இதனால்தான் செவித்துணைக் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரவலாக விற்கப்படும் கருவி காதின் பின்னே அமர்கிறது. அதன் ஒலிவாங்கி மடலுக்கு மேலே இருக்கிறது. மடலின் மடிப்புகள் பொறிக்க வேண்டிய குறிப்புகள் எவையும் அந்த ஒலிவாங்கியில் பதிவதில்லை. அணிந்தவருக்குச் சொல் கேட்கிறது. பின்னால் வந்து ஒலியெழுப்பும் வண்டி முன்னே வருவதாகத் தோன்றிவிடுகிறது. சாலையில் நடக்கும் முதியவருக்கு இது சிறு குறையன்று. ஒலிவாங்கியைச் செவித்துளையின் வாயிலில் வைக்கும் கருவிகள் இக்குறையைப் பெரிதும் தவிர்க்கின்றன. காதின் பின்னே அமரும் கருவிகளிலும் மடலின் விளைவைக் கணக்கிட்டு ஒலியில் சேர்க்க முயல்கிறார்கள். வாங்க வருபவரிடம் எவ்வளவு ஒலி பெருகும் என்று சொல்பவர்கள், ஒலிவாங்கி எங்கே இருக்கிறது என்பதையும் அதனால் திசை எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கிழமையிலேயே திசை தடுமாறுகிறதென்று கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடும் பெரியவர்களுக்கு, நெய்மேகனில் நலமான செவிகளுக்கே சில வாரங்கள் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.